ஏழு நாள் முகாமுக்கு டீக்கடைக்காரி போடும் மார்க்

ஓட்டலுக்கும் மிக்சிக்கும் எல்லோரும் ஸ்டார் போடுகிறார்கள். எங்கள் ஊருக்கு மூன்று வருடமாக வந்துபோகும் காலேஜ் பிள்ளைகளின் நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கு இதுவரை யாரும் போட்டதாகத் தெரியவில்லை. அவர்கள் வீடு வீடாக வந்து எங்களைப் பற்றி எழுதிக்கொண்டு போகிறார்களே, ஒரு தடவை நாம் அவர்களைப் பற்றி எழுதுவோம் என்று உட்கார்ந்தேன்.

வேலூர் மாவட்டத்தில் ஒடுகத்தூர் பக்கம் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. அரசு நடுநிலைப் பள்ளிக்கு எதிரே கடை வைத்திருக்கிறேன். காலையில் இட்லி, நாள் முழுக்க டீ, சாயந்திரம் மசால் வடை. முகாம் பிள்ளைகள் தங்குவது அந்தப் பள்ளிக்கூடத்தில்தான். ஐம்பது பேர், ஏழு நாள், இரண்டு வேளை டீ. எனக்கு லாபம்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் "காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறாள்" என்று யாரும் சொல்லக்கூடாது.

முதலில் கணக்கெடுப்பு. முதல் வருடம் வந்த பையன் என் மாமியாரிடம் நான்கு பக்கத் தாளை நீட்டி, வீட்டில் எத்தனை பேர், கழிப்பறை இருக்கிறதா, குடிதண்ணீர் எங்கிருந்து என்று கேட்டான். மாமியார் பொறுமையாகச் சொன்னார். இரண்டாம் வருடம் வேறு பையன், அதே தாள். மூன்றாம் வருடம் ஒரு பெண் வந்து ஆரம்பித்ததும் மாமியார் கேட்டார்: "போன வருசம் சொன்னேனே கண்ணு, அது எங்கே போச்சு?" பாவம், அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும்? அவள் இந்த வருடம்தான் சேர்ந்திருக்கிறாள். "தெரியல ஆயா" என்று சிரித்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாள். கணக்கெடுப்புக்கு ஐந்துக்கு ஒன்று. அந்த ஒன்றும் அவள் சிரித்ததற்கு.

அடுத்தது மரம் நடுதல். முதல் வருடம் புங்கனும் வேம்புமாக ஐம்பது கன்று, ஆளுக்கு ஒன்று. நட்டது மாசி மாதத்தில்! ஐப்பசியில் நட்டால் மழையே வளர்த்துவிடும். பரீட்சை, விடுமுறை எல்லாம் பார்த்துத்தான் தேதி வைப்பார்களாம். சரி, கன்றுக்குப் பரீட்சை தெரியுமா? போட்டோ எடுத்த கையோடு போய்விட்டார்கள். வெள்ளிக்கிழமை ஒடுகத்தூர் சந்தைக்குப் போகும் ஆடுகளெல்லாம் எங்கள் தெரு வழியாகத்தான் போகும். மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை. இப்போது நிற்பவை மூன்று. அதில் ஒரு புங்கன் என் கடைக்குப் பின்னால், டம்ளர் கழுவிய தண்ணீரைக் கொட்டும் இடத்தில். அதற்கு மட்டும் ஆள் உயரம் வந்துவிட்டது.

மதியம் சொற்பொழிவு. தினம் ஒருவர் காரில் வந்து பேசுவார். இந்தத் திட்டம் 1969 செப்டம்பர் 24ல், காந்தி நூற்றாண்டில், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு ஆரம்பித்தது என்று மூன்று வருடமும் கேட்டதில் எனக்கே மனப்பாடம். பிளாஸ்டிக் ஒழிப்பு பற்றி ஒருவர் பேசினார். அன்று காலையிலேயே பிள்ளைகள் வந்து, "அக்கா, பிளாஸ்டிக் கப்பில் டீ வேணாம்" என்றார்கள். நல்ல விஷயம்தானே என்று எவர்சில்வர் டம்ளர் இரண்டு டஜன் வாங்கிவந்தேன். பேசியவருக்கு மேடையில் வைத்தது என்ன தெரியுமா? பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீர். டம்ளர் வீண்போகவில்லை, இன்னும் கடையில் ஓடுகிறது.

இப்போது நல்லதைச் சொல்கிறேன். மலையிலிருந்து எங்கள் ஏரிக்கு வரும் கால்வாய். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்த அந்த மழையில் எங்கள் ஏரியும் நிரம்பி வழிந்து கோடி போனது. அதோடு சரி, கால்வாயில் மண்ணும் முள்ளும் சேர்ந்துவிட்டது. இரண்டாம் வருட முகாமில் நான்கு நாள் காலையில் அதைத் தூர் வாரினார்கள். முதல் நாள் பார்க்கச் சகிக்கவில்லை. கடப்பாறையைப் பிடிக்கவே தெரியவில்லை, ஒரு பையன் தன் கால் கட்டைவிரலுக்கே குறிவைத்துப் போட்டான். நூறு நாள் வேலைக்குப் போகும் எங்கள் பெண்கள் வரப்பில் நின்று பார்த்துவிட்டு, தாங்க முடியாமல் இறங்கினார்கள். ஒரு அக்கா அவன் கையைப் பிடித்து, "மேல்கை தளர்த்தியா இருக்கணும், கீழ்க்கை இறுக்கமா இருக்கணும், எடை தானா இறங்கும், நீ குத்தாதே" என்று காட்டினார். மண்ணைக் கரையிலேயே கொட்டினால் மழைக்குத் திரும்ப உள்ளே வரும், நாலடி தள்ளிக் கொட்டு என்று சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். நாலாம் நாள் பிள்ளைகள் கையெல்லாம் கொப்புளம். டீ டம்ளரைத் துண்டு சுற்றித்தான் பிடித்தார்கள்.

அன்று டீ குடிக்கும்போது அந்த அக்கா கேட்டார், "உங்களுக்கு இதுக்கு எவ்ளோ?" பணம் கிடையாதாம், மணிக்கணக்காம். இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் காட்ட வேண்டுமாம். அக்கா கொஞ்ச நேரம் யோசித்தார். "எங்களுக்குக் குழிய அளந்து கூலி. உங்களுக்கு நேரத்த அளந்து மார்க்கு. அதான் மெதுவா வெட்டுறீங்க" என்றார். பிள்ளைகளும் சேர்ந்துதான் சிரித்தார்கள். ஐப்பசியில் அந்தக் கால்வாயில் தண்ணீர் வந்தது. ஐந்துக்கு ஐந்து. அக்காவுக்கும் சேர்த்து.

என் பெண்ணும் குடியாத்தத்தில் படிக்கும்போது இதே முகாமுக்கு வேறு ஊருக்குப் போனவள்தான். டிகிரியில் 'பகுதி ஐந்து' என்று இதற்கு ஒரு கிரெடிட் உண்டாம். சட்டையில் குத்திக்கொள்ளும் சின்னத்தை எனக்கு விளக்கியதும் அவள்தான். கோனார்க் கோயில் தேர்ச் சக்கரம், எட்டு ஆரக்கால், 24 மணி நேரமும் சேவைக்குத் தயார் என்று அர்த்தமாம். எட்டு ஜாமம் என்று சொன்னால் போதுமே! அவள் போன ஊரிலும் ஏதாவது ஒரு டீக்கடைக்காரி இவளுக்கு மார்க் போட்டிருப்பாள்.

திண்ணையில் உட்கார்ந்தாளே, அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பக்கத்து வீட்டு ஆயாவின் முதியோர் உதவித்தொகை மனு இரண்டு தடவை திரும்பி வந்துவிட்டது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. இவள் சாயந்திரம் என் கடை பால் டப்பாமேல் உட்கார்ந்து ஆயாவின் தாள்களையெல்லாம் மடியில் பரப்பினாள். ஆதாரில் முனியம்மா, ரேஷன் கார்டில் முனியம்மாள். அந்த ஒரு 'ள்'தான். மறுநாள் மதியச் சொற்பொழிவுக்குப் போகாமல் ஆயாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி, ஆதாரில் பெயர் திருத்த எழுதிக்கொடுத்துவிட்டு வந்தாள். அந்த மூன்று மணி நேரம் அவள் கணக்கில் ஏறவில்லை, ஆப்சென்ட் போட்டார்கள். எனக்குக் கோபமே வந்தது.

என் தாய்வீடு கணியம்பாடி. அங்கே சின்ன வயதிலிருந்து பாகாயத்து சிஎம்சி ஆஸ்பத்திரியில் டாக்டருக்குப் படிக்கும் பிள்ளைகள் ஊருக்குள் வந்து வீட்டுக் கணக்கெடுப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்களும் கேள்விதான் கேட்பார்கள். ஆனால் பிள்ளைகள் போன பிறகும் நர்சம்மா வந்துகொண்டே இருப்பார், யார் வீட்டில் யார் முழுகாமல் இருக்கிறாள் என்பதுவரை அவருக்குத் தெரியும். அந்த ஆஸ்பத்திரியை ஆரம்பித்த ஐடா ஸ்கடர் அம்மா அந்தக் காலத்திலேயே ரோட்டோரம் நின்று வைத்தியம் பார்த்தவராம். எங்கள் ஊருக்கு ஏழாம் நாள் ராத்திரி பாட்டு, டான்ஸ், அடுத்த மாசிவரை ஒருவரும் கிடையாது.

சாப்பாடு பற்றி ஒரு வரி. இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023ல் புவிசார் குறியீடே கிடைத்தது, அது விளைவது எங்கள் பக்கம்தான். இவர்கள் வேலூர் மார்க்கெட்டிலிருந்து காய் மூட்டை கட்டிவந்து சாம்பார் வைக்கிறார்கள். ஐந்துக்கு இரண்டு.

மொத்தத்தில் மூன்றரை. முனியம்மா ஆயாவுக்கு ஆதாரில் 'ள்' வந்துவிட்டது, புது மனு கொடுத்திருக்கிறோம். அந்தப் பெண் மாதம் ஒரு தடவை போன் போட்டுக் கேட்கிறாள், வடையையும் விசாரிக்கிறாள். கால்வாய் வெட்டிய வருடம் இரண்டு கடப்பாறையை என் கடையிலேயே மறந்துவிட்டுப் போய்விட்டார்கள். முகாமுக்கு மாசிவரை காத்திருக்காமல் முன்னாடியே ஒரு ஞாயிற்றுக்கிழமை யாராவது வந்தால், எடுத்துத் தருகிறேன். கால்வாயில் திரும்பவும் முள் முளைத்திருக்கிறது.