தொட்டிக்கட்டு வீடு என்று சொல்லி 17,600 ரூபாயைப் பறித்துக்கொண்டார்கள்: அமராவதிக் கரைப் பக்கம் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

17,600 ரூபாய் போய்விட்டது. நேற்று ராத்திரிதான் ஈரோடு வந்து சேர்ந்தோம், கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். உடுமலை, மடத்துக்குளம், கொழுமம் பக்கம் பழைய கோயில்களைப் பார்க்கக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள், அங்கே கிராமத்து வீட்டில் தங்கலாம் என்று நினைக்கிறவர்கள், முதலில் இதைப் படியுங்கள். எப்படித் தப்பிப்பது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

வீட்டின் பெயரையும் செயலியின் பெயரையும் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறோம், அது ஒரு முடிவுக்கு வரட்டும். வீடுகளில் தங்க இடம் பிடித்துத் தருகிற செயலி என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வீடு அமராவதி ஆற்றிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, கரும்பும் தென்னையும் சூழ்ந்த ஒரு கிராமத்தில் இருக்கிறது.

இந்தப் பயணமே அப்பாவுக்காகத்தான். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்வெட்டு என்றால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம். கடத்தூரில் ஆற்றங்கரையிலேயே இருக்கிற அர்ச்சுனேஸ்வரர் கோயில், அதன் சுவரில் இருக்கிற கொங்குச் சோழர் கல்வெட்டுகள், கொழுமத்துத் தாண்டவேஸ்வரர் கோயில், இதையெல்லாம் நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாவற்றுக்கும் மேலே ஐவர்மலை. பழனிக்கும் கொழுமத்துக்கும் நடுவில் இருக்கிற மலை அது. பாறையில் வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர் உருவங்களை வெட்டியிருக்கிறார்கள். இரண்டாம் வரகுண பாண்டியனின் கல்வெட்டு ஒன்றும் அங்கே உண்டு. அதில் அவனுடைய 8ஆம் ஆட்சியாண்டும் சக ஆண்டு 792ம் சேர்ந்தே வருகின்றன. சக 792 என்றால் கி.பி. 870. அந்த ஒரு கல்வெட்டை வைத்துத்தான் அவன் பட்டத்துக்கு வந்தது 862 என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். சாந்திவீரக் குரவர் என்ற சமணத் துறவி பார்சுவநாதர் உருவத்தையும் இயக்கியர் (சமணப் பெண் தெய்வங்கள்) உருவங்களையும் புதுப்பித்து, அமுதுபடிக்கும் (சாமிக்குப் படைக்கிற உணவுக்கும்) ஒரு துறவிக்குச் சோறு போடுவதற்கும் 505 காணம் பொன் வைத்த கதையை அந்தக் கல்வெட்டு சொல்கிறது. அப்பா இதை வகுப்பில் பிள்ளைகளுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். நேரில் பார்த்ததில்லை. இப்போது முட்டி வலி வந்துவிட்டது, இன்னும் தள்ளிப்போட்டால் மலை ஏறவே முடியாது என்றுதான் அவசரமாகக் கிளம்பினோம்.

செயலியில் இந்த வீட்டைப் பார்த்ததும் எல்லோருக்குமே பிடித்துப்போயிற்று. அசல் தொட்டிக்கட்டு வீடு. முன்னால் திண்ணை, நடுவில் வானம் பார்த்த வாசல், சுற்றிலும் மரத்தூண் வைத்த ஆசாரம் (கூடம்), நாட்டு ஓடு. அப்பாரு காலத்தில் எங்கள் ஊரிலும் இப்படி வீடுகள் இருந்தன, எல்லாவற்றையும் இடித்துத் தார்சு போட்டுவிட்டோம். 'பழங்காலக் கோயில்களுக்கு நடுவே, பாட்டன் வீட்டில் தங்குங்கள்' என்று போட்டிருந்தார்கள். ஆசாரத்தை ஒட்டிய இரண்டு அறை, சனி ஞாயிறு, மூன்று வேளைச் சாப்பாடு, கல்வெட்டு படிக்கத் தெரிந்த வழிகாட்டி, எல்லாம் சேர்த்து 17,600 ரூபாய். நட்சத்திரம் நாலரைக்கு மேல்.

பதிவு செய்த அன்றைக்கே அங்கிருந்து மேனேஜர் போன் செய்தார். இந்த இடத்தைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். பணம் ஏற்கெனவே கட்டியாயிற்று, அவர் போன் செய்ய வேண்டிய கட்டாயமே இல்லை. "ஏனுங்க்கா, அப்பாவுக்கு முட்டி வலின்னு எழுதியிருந்தீங்களே, இண்டியன் டாய்லெட் ஒத்துக்குமுங்களா, வெஸ்டர்ன் இருக்கிற ரூமாவே ஒதுக்கி வெச்சுடறேனுங்க" என்றார். ராத்திரிக்கு அரிசிம்பருப்புச் சோறு போதுமா, வெடியால (காலையில்) சந்தகை செய்யச் சொல்லட்டுமா, அம்மாவுக்குக் கொள்ளு ஆகுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மலையில் அப்பாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போக ஒரு பையனையும் சொல்லி வைத்திருப்பதாகச் சொன்னார். நம்ம பக்கத்துப் பேச்சு, நம்ம பக்கத்து மரியாதை. பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "நல்ல வீட்டுப் பையன் போலிருக்கு" என்றார். அந்த மரியாதையைக் காட்டித்தான் ஏமாற்றியிருக்கிறார்கள். எனக்கு ஆத்திரமே அதில்தான்.

காங்கேயம், தாராபுரம் வழியாகப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. திண்ணையில் அதே மேனேஜர். "வாங்கய்யா, வாங்கக்கா, வெய்யல்ல வந்திருக்கறீங்க, மொதல்ல தண்ணி குடிங்க" என்று சொம்பில் தண்ணீர் கொடுத்தார். அப்பாவைக் கையைப் பிடித்துத் திண்ணையில் உட்கார வைத்தார். அப்புறம், "போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்குமுங்க, அதைச் சொல்லுங்க, நோட்டுல எழுதிக்கறேன்" என்றார். வந்திருந்த செய்தியில் 'உங்கள் செக்-இன் எண்' என்று மட்டும்தான் இருந்தது. வாசலில் நின்று விருந்தாளியிடம் கேட்கிற எண், பதிவு செய்தவர்கள் நாங்கள்தானா என்று சரிபார்க்கிறார்கள் என்றுதான் எவரும் நினைப்பார்கள். சொன்னேன். அவர் நோட்டில் எழுதவில்லை, போனில் அடித்தார்.

அந்த நொடியில் எங்கள் 17,600 ரூபாயும் அவர்கள் கைக்குப் போகிற வழி திறந்துவிட்டது. அது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. விருந்தாளி வந்து தங்கிவிட்டார் என்பதற்கு அந்த எண்தான் சாட்சியாம். அதை அடித்துவிட்டால் செயலியின் கணக்கில் எல்லாம் முடிந்தது. அறையைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னாலேயே!

எழுந்து உள்ளே போகப் பார்த்தால், "அய்யா, இப்படிப் பின்னால வாங்க" என்று வீட்டைச் சுற்றிக் கூட்டிப்போனார். உள்ளே ஆசாரத்தில் விளக்குக் கம்பங்கள், குடை, வயர் எல்லாம் விரித்துக் கிடந்தன. பட்டுப்புடவையில் ஒரு பெண்ணும் ஒரு பையனும் தூணைப் பிடித்து நின்றார்கள். கல்யாணத்துக்கு முன்னால் எடுக்கிற ஃபோட்டோ ஷூட். இன்றைக்கும் நாளைக்கும் வீடு முழுவதும் அவர்களுக்கு வாடகைக்கு விட்டாயிற்று. எங்களுக்கு ஒதுக்கியது, மாடு கட்டுகிற கட்டுத்தரையை ஒட்டி சிமெண்ட் அட்டை போட்ட சாளை (கொட்டகை). நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு வைத்து 'இரண்டு அறை' ஆக்கியிருந்தார்கள். தீவன மூட்டையை அப்போதுதான் எடுத்திருப்பார்கள் போல, தரையெல்லாம் தவிட்டுப் பொடி. மெத்தையில் ஈர நாற்றம். மேலே அட்டைச் சூட்டில் உள்ளே ஐந்து நிமிடம் நிற்க முடியவில்லை. வெஸ்டர்ன் டாய்லெட் என்று அப்பாவுக்குச் சொன்னது பொடக்காளியில் (கொல்லைப்புறத்தில்) கதவு சரியாகச் சாத்தாத ஒரு இடம், குழாயில் தண்ணீர் வரவில்லை, பக்கெட்டில் மொண்டு வைத்திருந்தார்கள்.

என் வீட்டுக்காரர் கத்தினார். மேனேஜர் குரலை உயர்த்தவே இல்லை. "ராத்திரி அவங்க போயிருவாங்க அண்ணா, பொழுதோட ஆசாரத்துக்கு மாத்தி விட்டர்றேன், கொஞ்சம் அனுசரிச்சுக்கங்க" என்றார். சரி, பொழுது சாயட்டும் என்று இருந்தோம். கடத்தூர் கோயிலுக்கு மட்டும் நாங்களே காரை எடுத்துக்கொண்டு போய் வந்தோம், வழிகாட்டி என்று யாரும் வரவில்லை. கேட்டால், "அவரு இன்னைக்கு ஒரு நோம்பிக்குப் போயிட்டாருங்க" என்று பதில். திரும்பி வந்தால் ஃபோட்டோக்காரர்கள் போகவில்லை, இன்னும் ஒரு வண்டி ஆள் வந்திருந்தார்கள், ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ராத்திரிச் சாப்பாடு ஒன்பது மணிக்கு மேல் ஒரு ஹோட்டல் பொட்டலமாக வந்தது. ஐந்து பேருக்கு மூன்று பொட்டலம். அரிசிம்பருப்பும் இல்லை, கொள்ளும் இல்லை, ஆறிப்போன எலுமிச்சைச் சோறு. யாரோ ஒரு துறவிக்குச் சோறு தவறக்கூடாது என்று பொன் வைத்து, அதைக் கல்லிலும் வெட்டி வைத்த மலைக்குப் பக்கத்து ஊர் இது. காசு வாங்கிக்கொண்டு என் அப்பாவுக்கு ஒரு வட்டல் சுடுசோறு போட மனசு வரவில்லை.

அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, அங்கே இருக்க முடியாது என்று கிளம்பிவிட்டோம். அன்றைக்குக் கிருத்திகை, பழனியில் ஒரு லாட்ஜிலும் இடம் இல்லை. உடுமலைக்குப் போய், நள்ளிரவு தாண்டி ஒரு அறை கிடைத்து, ஐந்து பேரும் அதில் படுத்தோம். அந்தச் செலவு தனி. காலையில் ஐவர்மலைக்குப் போகலாமா என்று கேட்டதற்கு, அப்பாவால் காலை மடக்கவே முடியவில்லை. "ஊருக்கே போயிரலாம் கண்ணு" என்றார். முட்டி வலிக்காரரைச் சூட்டிலும் ராத்திரி முழுக்கக் காரிலும் அலைய விட்டால் வேறு என்ன ஆகும்?

இனி அவர்கள் தட்டிக்கழித்த அழகைச் சொல்கிறேன். செயலியின் உதவி எண்ணில் பேசிய பெண், எங்கள் பதிவைப் பார்த்துவிட்டு, "நீங்கள் செக்-இன் செய்துவிட்டீர்கள் மேடம், சேவை பெற்றதாகத்தான் காட்டுகிறது" என்றார். சாளையின் படம், மெத்தையின் படம், ஷூட்டிங் நடக்கிற வீடியோ எல்லாம் அனுப்பினோம். 'வீட்டு உரிமையாளரிடம் விளக்கம் கேட்டிருக்கிறோம்' என்று ஒரு செய்தி. கொஞ்ச நேரத்தில் இன்னொரு செய்தி: 'விருந்தினர் தங்கள் விருப்பத்தின் பேரில் முன்கூட்டியே வெளியேறியதாக வீட்டு உரிமையாளர் தெரிவிக்கிறார். பணம் திரும்பத் தர இயலாது.' மேனேஜருக்குப் போன் போட்டால், "பணம் ஆப்புக்குத்தானுங்க போச்சு, எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க." வீட்டு உரிமையாளர் நம்பரை வாங்கிப் பேசினால், அவர் பெங்களூரில் இருக்கிறாராம், "எல்லாம் மேனேஜர்தான் பாத்துக்கறாரு" என்று வைத்துவிட்டார். அடுத்த முறை எடுக்கவில்லை. செயலிக்குத் திரும்பப் போனால் முதலிலிருந்து விவரம் சொல்லச் சொல்கிறார்கள், ஒவ்வொரு முறையும் வேறு ஆள். கடைசியாக ஒரு மேலாளர், 'நல்லெண்ண அடிப்படையில்' அடுத்த பதிவுக்கு 1,000 ரூபாய் கூப்பன் தருவதாகச் சொன்னார். 17,600 ரூபாய்க்கு 1,000 ரூபாய் கூப்பன், அதுவும் அவர்களிடமே செலவு செய்ய! நான் எழுதிய விமர்சனத்தையும் 'விதிமுறைகளுக்கு ஒத்துவரவில்லை' என்று எடுத்துவிட்டார்கள்.

இப்போது அந்த நாலரை நட்சத்திர விமர்சனங்களை உட்கார்ந்து படிக்கிறேன். 'படம் எடுக்க அருமையான இடம்', 'தூண்கள் சூப்பர்', 'வெளிச்சம் நன்றாக வருகிறது'. ராத்திரி தூங்கினேன், காலையில் குளித்தேன், சாப்பிட்டேன் என்று ஒருவர்கூட எழுதவில்லை. பகலில் படம் எடுக்கப் போனவர்கள் கொடுத்த நட்சத்திரத்தைக் காட்டி, ராத்திரி தங்க வருகிறவர்களிடம் காசு வாங்குகிறார்கள்.

1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தாயிற்று. இதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப் போகிறோம். நாம் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், அந்தப் பக்கம் அலைய வேண்டியதில்லை. 17,600 ரூபாய்க்கு இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் இவர்கள் இருக்கிறார்கள்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது உடம்பும் மனசும் அதற்கு இடம் கொடுக்கவில்லை. அவசரத்துக்கு இதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அறையை உள்ளே போய்ப் பார்த்து, குழாயைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் எந்த எண்ணையும் சொல்லுங்கள், தண்ணீர் சொம்போடு வந்து கேட்டாலும் சரி. 'அந்தத் தேதியில் வீட்டில் ஷூட்டிங், விசேஷம் ஏதாவது உண்டா, எங்கள் அறை ஓட்டு வீட்டுக்குள்ளேயே இருக்கிறதா' என்று செயலியின் செய்திப் பெட்டியிலேயே எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள், போனில் சொல்வதற்குச் சாட்சி இல்லை. மோசமாக இருந்தால் அங்கே நிற்கும்போதே படம் எடுத்துப் புகார் அனுப்பிவிட்டு அப்புறம் கிளம்புங்கள். கிருத்திகை, தைப்பூசம் நாட்களில் பழனியில் மாற்று இடம் கிடைக்காது, உடுமலையில் ஒரு லாட்ஜ் நம்பராவது கையில் வைத்திருங்கள்.

இதே வீட்டில் இதே மாதிரி மாட்டியவர்கள் யாராவது இருந்தால் எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள், சேர்ந்தே மனு போடலாம்.