நோட்டோ செரிஃப் தமிழா, முக்தா மலரா? தமிழ் சைட்டுக்கு எந்த ஃபான்ட் போடலாம்

ஸ்கிரீனுக்கு சான்ஸ் செரிஃப், புக்குக்கு செரிஃப்னு ஒரு பேச்சு ரொம்ப நாளா ஓடிட்டு இருக்கு. எழுத்து முனையில சின்ன வால் இருந்தா செரிஃப், இல்லேன்னா சான்ஸ் செரிஃப், சுருக்கமா சான்ஸ். அது குண்டு மானிட்டர் காலத்துக் கதைங்க. அப்ப இருந்த பிக்சலுக்கு இங்கிலீஷ் எழுத்து முனையில வர்ற சின்ன வாலெல்லாம் பிசிறடிக்கும், அதனாலதான் மைக்ரோசாஃப்ட் மேத்யூ கார்ட்டர்ங்கற ஃபான்ட் டிசைனரை வெச்சு ஸ்கிரீனுக்குன்னே ரெண்டு ஃபான்ட் பண்ணி 1996ல விட்டாங்க, வெர்டானா, ஜார்ஜியா. அதுல ஜார்ஜியா செரிஃப்தான்! அப்பவே இந்த ரூல் ஆட்டம் கண்டாச்சு, இப்ப ஃபோன் ஸ்கிரீன் இருக்கற ஷார்ப்புக்கு சுத்தமா தேவையில்ல.

தமிழுக்கு வந்தா நம்ம எழுத்துல அந்த வாலே கிடையாது. தமிழ்ல செரிஃப்னு வர்ற ஃபான்ட்ல கோடு ஒரு இடத்துல தடிமனா இன்னொரு இடத்துல மெலிசா போகும், பழைய அச்சுப் புக் மாதிரி. சான்ஸ்னா கிட்டத்தட்ட எல்லா இடமும் ஒரே தடிமன். அவ்ளோதான் வித்தியாசம், ஆனா படிக்கறப்ப நல்லாவே தெரியும்.

கூகுள் ஃபான்ட்ஸ்ல ஃப்ரீயா கிடைக்கற நோட்டோ செரிஃப் தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், இந்த மூணுலயும் ஒரே சிறுகதையைப் போட்டு ஒரு சாதா ஆண்ட்ராய்டு ஃபோன்லயும் ஆபீஸ் மானிட்டர்லயும் படிச்சுப் பாத்தேன். நோட்டோ செரிஃப் 18 பிக்சலுக்கு மேல வெச்சா அள்ளுது, நீளக் கதை படிக்க கண்ணு கூசாம வரிவரியா இழுத்துட்டுப் போகுது. அதையே 14க்கு இறக்கி ஃபோன் பிரைட்னஸையும் குறைச்சா மெலிசான கோடெல்லாம் காணாமப் போயிடுது, ண எது ன எதுன்னு சுழியை எண்ண வேண்டியதாப் போச்சு.

நீங்க எந்த ஃபான்ட் எடுத்தாலும் முதல்ல "தாராபுரம்"னு டைப் பண்ணிப் பாருங்க. துணைக்காலும் ர-வும் பக்கத்துல பக்கத்துல வருது இல்லையா, ர-வுக்குக் கீழ இருக்கற அந்தக் குட்டி சாய்வு மட்டும்தான் ரெண்டையும் பிரிச்சுக் காட்டுது, சின்ன சைஸ்ல அது தெரியலேன்னா வாசகர் குத்துமதிப்பாத்தான் படிப்பாரு. அப்புறம் எ, ஏ. ஏ-வோட கீழ்க்கோடு கண்ணுல படணும். அடுத்து புள்ளி, போல்டுல "க்க" போட்டா புள்ளி எழுத்தோட ஒட்டக் கூடாது. முக்தா மலர் இந்த டெஸ்ட்டுல சின்ன சைஸ்லயும் நின்னுச்சு. மும்பைல இருக்கற ஏக் டைப்ங்கற ஃபான்ட் கம்பெனி பண்ணினது, 7 வெயிட் (அதாவது எழுத்துத் தடிமன்ல 7 வகை) இருக்கு, கூட வர்ற இங்கிலீஷ் எழுத்தும் தமிழுக்குப் பொருந்தற சைஸ்ல இருக்கறதால பாராவுக்கு நடுவுல ஒரு கம்பெனி பேரோ யூஆர்எல்லோ வந்தா துருத்திட்டு நிக்காது. நோட்டோ சான்ஸ் குறை சொல்ல முடியாது, ஆனா கவர்மென்ட் ஃபாரம் படிக்கற ஃபீல்.

மீரா இனிமை, பவனம் ரெண்டும் அழகா இருக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனா ஒரே ஒரு வெயிட்தான், நீங்க போல்ட் கேட்டா பிரவுசர் தானா எழுத்தை வீங்க வெச்சுக் குடுக்கும், ழ, ஞ உள்ள இருக்கற ஓட்டையெல்லாம் அடைஞ்சு போகும். தலைப்புக்கு வேற ஃபான்ட் வெச்சுக்கறதா இருந்தா ஓகே.

செரிஃப் போடறவங்களுக்கு இன்னொரு தலைவலி. ஃபான்ட் லோட் ஆகற வரைக்கும் விண்டோஸ் தன்கிட்ட இருக்கற நிர்மலா யூஐ ஃபான்டைக் காட்டும், அது சான்ஸ். அப்புறம் நோட்டோ செரிஃப் வந்து உக்காரும்போது எழுத்து அகலம் மாறி, படிச்சுட்டு இருந்த வரி ஒரு குதி குதிச்சு எங்கயோ போயிடும். ஃபைலை உங்க சர்வர்லயே வெச்சு ப்ரீலோட் பண்ணினா, அதாவது முன்னாடியே லோட் ஆக வெச்சா, இது நல்லாக் குறையுது. ஜெர்மனில சைட் நடத்தறவங்க எப்படியும் அப்படித்தான் வெச்சுக்கணும், கூகுள் சர்வர்ல இருந்து ஃபான்ட் எடுத்ததுல விசிட்டரோட ஐபி அட்ரஸ் கூகுளுக்குப் போச்சுன்னு மியூனிக் கோர்ட் 2022ல ஒரு சைட்டுக்காரரை 100 யூரோ கட்டச் சொல்லிடுச்சு.

கதை, கட்டுரை மட்டும் போடற சைட்டா, நோட்டோ செரிஃப் 18 இல்ல 19, லைன் ஹைட் (வரிக்கு வரி இடைவெளி) 1.7, கண்ணை மூடிட்டுப் போடலாம். மெனு, பட்டன், விலைப் பட்டியல், கமென்ட்னு எல்லாம் கலந்து இருந்தா முழுசும் முக்தா மலர்தான். எதைப் போட்டாலும் வரியோட ரெண்டு ஓரத்தையும் நேரா நிறுத்தற ஜஸ்டிஃபை மட்டும் ஆன் பண்ணிடாதீங்க, "பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம்" மாதிரி ஒரு வார்த்தை ஃபோன்ல வந்துச்சுன்னா அதுக்கு மேல் வரியில ரெண்டே வார்த்தை, நடுவுல ஒரு லாரி போற அளவுக்கு இடம்.