டிப்ஸை நம்பிய சம்பளமா, முழுச் சம்பளமா?

டெக்சாஸில் ஓட்டலில் பரிமாறுபவருக்கு முதலாளி மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும். 1991-இல் அமெரிக்க மத்திய அரசு வைத்த தொகை, இன்றுவரை ஏறவே இல்லை. டிப்ஸ் சேர்த்தும் மணிக்கு 7.25 டாலர் என்ற குறைந்தபட்சக் கூலி வராவிட்டால் மீதியை முதலாளி போட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, சரி, ஆனால் மழை நாளில் நாலு மேசைகூட நிறையாமல் வீடு திரும்பும் பெண், நாளைக்கும் அதே வேலைக்கு வர வேண்டியவள், அந்தக் கணக்கை எப்படிப் போய்க் கேட்பாள்?

கலிஃபோர்னியாவில் அந்தப் பேச்சே கிடையாது. 2024-இல் டிப்ஸ் வாங்குபவருக்கும் மணிக்குக் குறைந்தது 16 டாலர், டிப்ஸ் அதற்கு மேல். சாப்பாட்டு விலை கூடலாம்தான். டிப்ஸ் குறையும் என்று பயந்து பரிமாறுபவர்களிலேயே சிலர் இதை எதிர்க்கிறார்கள். மாசசூசெட்ஸ் மக்கள் அதே ஆண்டு வாக்கெடுப்பில் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள். இருந்தாலும் என் ஓட்டு கலிஃபோர்னியா முறைக்கே: கண்ட இடத்தில் கை வைக்கும் ஆளிடம், வாடகைக் காசுக்காகச் சிரித்து நிற்க வேண்டிய நெருக்கடி அங்கே குறைவு.