சிசிஎன்ஏ: ஒரே மூச்சா, இரண்டு தவணையா?

நெட்வொர்க் கருவிகள் செய்யும் சிஸ்கோ நிறுவனம், நெட்வொர்க் வேலைக்குத் தகுதி காட்டத் தரும் சான்றிதழ் சிசிஎன்ஏ. 2020 பிப்ரவரிக்கு முன் அதைப் பெற இரண்டு வழிகள் இருந்தன. 200-125 என்ற ஒரே தேர்வு. இல்லையென்றால் ஐசிஎன்டி 1, ஐசிஎன்டி 2 என்று இரண்டு.

செலவைப் பார்த்து முடிவெடுக்க வழியே இல்லை. ஒரே தேர்வுக்கு 325 டாலர், இரண்டாகப் பிரித்தால் தலா 165. ஐந்து டாலர்தான் வித்தியாசம். ஆனால் தோற்றால் கதை வேறு: அங்கே 325-ம் போச்சு, இங்கே பாதிதான்.

எனக்குப் பெரிதாகப் பட்டது பாடச்சுமை. முதல் தேர்வில் சப்நெட்டிங் (நெட்வொர்க் முகவரிகளைச் சிறு பிரிவுகளாகப் பிரிக்கும் கணக்கு), விலான், ஸ்டாட்டிக் ரவுட்டிங், நாட் (NAT) போன்ற அடிப்படைப் பாடங்கள். இரண்டாவதில் ஸ்பானிங் ட்ரீ, ஓஎஸ்பிஎஃப், ஈஐஜிஆர்பி என்று அடுத்த கட்டப் பாடங்கள். சேர்த்து எழுதுபவர் இத்தனையையும் ஒரே நாளில் தலையில் சுமக்க வேண்டும். நேரமோ 90 நிமிடம்தான். விட்ட கேள்விக்குத் திரும்பவும் முடியாது. சப்நெட் கணக்கில் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தால் அவ்வளவுதான்.

பிரித்து எழுதியவருக்கு முதல் தேர்விலேயே சிசென்ட் என்ற தொடக்கநிலைச் சான்றிதழ் கிடைத்தது. வேலை தேடும் புதியவருக்கு அது உதவியது. ஆனால் 'அப்புறம் பார்க்கலாம்' என்று இரண்டாவதைத் தள்ளிப்போட்டால் படித்ததெல்லாம் மறந்துவிடும். ஏற்கெனவே ரவுட்டரும் ஸ்விட்சும் கையாள்பவர் ஒரே தேர்வாக முடித்திருப்பதே சரி. புதியவருக்கு இரண்டைத்தான் சொல்லியிருப்பேன்.

இப்போது அந்தக் குழப்பம் இல்லை. 200-301 என்ற ஒரே தேர்வு, 120 நிமிடம்.