கருவிக் குறிப்பு நீளமாக இருக்கட்டுமா, பொது அறிவுறுத்தல் போதுமா?

திருகோணமலையில் எங்கள் வடிவமைப்பு நிலையத்துக்கு வரும் வேலைகளில் பெரும்பங்கு உப்புவெளி, நிலாவெளி விடுதிகளின் மும்மொழி உணவுப் பட்டியல்களும், கோயில் திருவிழாத் துண்டுப்பிரசுரங்களும், கடைப் பெயர்ப்பலகைகளுமே. விலை திருத்துவது, அளவு மாற்றுவது, அச்சுக்குக் கோப்பு எடுப்பது ஆகியவற்றை இன்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் செயற்கை நுண்ணறிவு முகவரிடம், அதாவது சொன்ன வேலையைத் தானே படிப்படியாகச் செய்யும் நிரலிடம், ஒப்படைத்திருக்கிறோம். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட எம்.சி.பி. (Model Context Protocol) என்ற பொது நெறிமுறை இரண்டையும் இணைக்கிறது. அளவு மாற்றுவது போன்று முகவர் அழைக்கக்கூடிய ஒவ்வொரு செயலும் அதில் ஒரு ‘கருவி’. ஒரு கருவியைப் பற்றி முகவரை இயக்கும் மொழி மொடலுக்குத் தெரிவதெல்லாம் அதன் பெயர், அதற்கு எழுதிய குறிப்பு, உள்ளீடுகளின் வரையறை ஆகியவையே; உள்ளே இருக்கும் நிரலை அது பார்ப்பதில்லை. ஆகவே குறிப்பை எப்படி எழுதுவது என்பதை நாங்கள் முதலிலேயே தீர்மானிக்க வேண்டியிருந்தது.

வழிகள் இரண்டு. ஒன்று, கருவிக்கு ஒற்றை வரிக் குறிப்பு வைத்து, விதிகளை எல்லாம் முகவருக்கான பொது அறிவுறுத்தலில் எழுதுவது. மற்றது, ஒவ்வொரு கருவியும் தனக்குரிய விதிகளைத் தன் குறிப்பிலேயே கொண்டிருப்பது. நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தோம்.

முதல் வழி சுருக்கமானது, எழுத இலகுவானது. தெளிவான பெயர் வேண்டும் என்பது இரண்டுக்கும் பொது. ஆனால் ‘பொருளின் அளவை மாற்றும்’ என்ற ஒற்றை வரியைப் பாருங்கள். எந்த அலகில்? இன்க்ஸ்கேப் சேமிக்கும் எஸ்.வி.ஜி. வகைக் கோப்பில் அலகு குறிக்காத எண் பயனர் அலகாகவே கொள்ளப்படும். கோப்பு வேறு அளவுகோல் எதையும் குறிக்காதபோது அது பிக்சல், அங்குலத்துக்கு 96. ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீற்றர். அத்தகைய கோப்பில் அந்த 210ஐ அலகின்றிக் கொடுத்தால் கிடைப்பது ஏறத்தாழ 55.6 மில்லிமீற்றர். பெயர்ப்பலகைக்காரர் அடிக்கணக்கிலும் அச்சகத்தார் மில்லிமீற்றரிலும் பேசும் இடத்தில், மொடல் ஊகிப்பதற்கு இடம் வைக்கவே கூடாது.

எங்கள் குறிப்பு இப்படி இருக்கிறது: ‘அடையாளம் (id) தரப்பட்ட ஒரு பொருளின் அகலத்தையும் உயரத்தையும் மாற்றும். அளவுகள் மில்லிமீற்றரில். உயரம் தராவிட்டால் விகிதம் காக்கப்படும். பக்கத்தின் அளவை மாற்ற இதைப் பயன்படுத்த வேண்டாம். அதற்குத் தனிக் கருவி உண்டு. அடையாளம் தெரியாவிட்டால் முதலில் பொருள்களின் பட்டியலைப் பெறவும். மாற்றிய பின் உள்ள அளவைத் திருப்பித் தரும்.’ எப்போது பயன்படுத்தக் கூடாது என்ற வரிக்கே நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். ஒன்றுபோலத் தோன்றும் இரு கருவிகளை மொடல் பிரித்தறிவது அந்த வரியால்தான்.

எங்கள் தெரிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. மென்பொருள் மாறும்போது அடிப்படைகளே மாறுகின்றன. இன்க்ஸ்கேப் 2017இல் வந்த 0.92 பதிப்பில் அங்குலத்துக்கு 90 பிக்சல் என்பதை 96 ஆக்கியது. 2020இல் வந்த 1.0 பதிப்பில் செங்குத்து அச்சை மேலிருந்து கீழாக எண்ணத் தொடங்கியது. இத்தகைய மாற்றத்துக்காக நிரலைத் திருத்துபவரின் கண்முன்னே, அதே கோப்பில், கருவிக் குறிப்பு இருக்கிறது. பொது அறிவுறுத்தலோ வேறோர் இடத்தில், பெரும்பாலும் வேறொருவரின் பொறுப்பில் இருக்கிறது. அதைவிட முக்கியமானது, குறிப்பு, கருவிகளை வழங்கும் நிரலான எம்.சி.பி. சேர்வரோடு சேர்ந்து போகிறது என்பது. வீட்டிலிருந்து வேறொரு செயலி வழியாக இணையும் வடிவமைப்பாளருக்கும் அதே குறிப்பு கிடைக்கும். நிலையத்துக் கணினியில் எழுதிய அறிவுறுத்தல் அவரிடம் போகாது. சேர்வரிலேயே பொது அறிவுறுத்தல் வைக்க எம்.சி.பி.யில் ஓர் இடம் உண்டு, ஆனால் அதை மொடலிடம் சேர்ப்பதும் சேர்க்காததும் இணையும் செயலியின் விருப்பம்.

நம் ஊர்க் கோப்புகளுக்கே உரிய சிக்கல் ஒன்றையும் சொல்ல வேண்டும். பழைய அழைப்பிதழ்களும் பிரசுரங்களும் யுனிகோட் முறையைச் சேராத பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருக்கின்றன. திரையில் தமிழாகத் தெரிவது கோப்பினுள் ஆங்கில எழுத்துகளும் நிறுத்தற்குறிகளுமாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. அங்கே யுனிகோட் தமிழை இட்டால், புதிய சொல் வேறோர் எழுத்துருவில் விழுந்து பக்கத்தின் ஒழுங்கே கெடும். ஆகையால் உரை மாற்றும் கருவியின் குறிப்பில் ‘யுனிகோட் உரை மட்டும், எழுத்துரு பாமினி எனில் மாற்றாமல் பிழை தரும், முதலில் உருமாற்றக் கருவியை அழைக்கவும்’ என்று எழுதியிருக்கிறோம். பிழைச் செய்தியும் அதையே சொல்கிறது. பிழைச் செய்தியை நான் குறிப்பின் தொடர்ச்சியாகவே கருதுகிறேன்.

பொது அறிவுறுத்தலுக்கு உரிய இடத்தை நான் மறுக்கவில்லை. ஒரு விடுதியின் நிறங்கள், பட்டியலில் எந்த மொழி முதலில் வர வேண்டும், அச்சகத்துக்கு ஓரத்தில் 3 மில்லிமீற்றர் கூடுதலாக விடுவது ஆகியவை வாடிக்கையாளரைச் சார்ந்தவை. அவற்றைக் கருவியில் எழுதினால் வாடிக்கையாளர் மாறும்போதெல்லாம் நிரலைத் தொட வேண்டி வரும்.

நீண்ட குறிப்புக்கு விலையும் உண்டு. மொடல் ஒரு நேரத்தில் கவனத்தில் வைக்கும் உரையின் அளவில் (context) குறிப்புகள் பொதுவாக இடம் பிடிக்கின்றன. தமிழில் எழுதினால் பொதுவாக இன்னும் கூடுதலான டோக்கன்கள் (மொடல் உரையைப் பிரித்து எண்ணும் துண்டுகள்) செலவாகும். எங்களிடம் கருவிகள் குறைவு என்பதால் அது சுமையாகவில்லை. பிளெண்டர் போன்ற முப்பரிமாண மென்பொருளில் எனக்குப் போதிய பழக்கம் இல்லை. அங்கே நூற்றுக்கணக்கான கருவிகளைத் திறந்துவிடுபவருக்கு என் தெரிவு அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன். அத்தகையவர் எல்லாவற்றையும் நீட்டாமல், அழிக்கும் கருவிகளுக்கும் ஒன்றோடொன்று குழம்பக்கூடிய கருவிகளுக்கும் முதலில் முழுக் குறிப்பு எழுதிப் பார்க்கலாம்.