70 மி.மீ. தொலைநோக்கி: கடலூர் மொட்டை மாடியில் ஒரு மாதம்

புதுச்சேரியில் ஒரு கடையில் வாங்கியது. முக்காலிதான் மோசம், தேவனாம்பட்டினம் பக்கமிருந்து லேசாகக் கடற்காற்று அடித்தாலே ஆடுகிறது, நடுவில் ஒரு செங்கல்லைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட பிறகுதான் காட்சி நின்றது. ஆனால் லென்ஸ் அருமை! வியாழனுக்குப் பக்கத்தில் ஊசிமுனை மாதிரி நான்கு புள்ளிகள், 1610-ல் கலிலியோ பார்த்த அதே நிலவுகள். அதில் யூரோப்பா எது என்று கண்டுபிடித்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. அந்த நிலவின் பனி ஓட்டுக்கு அடியில் நம் பூமியின் கடல்களை எல்லாம் சேர்த்தாலும் மிஞ்சும் தண்ணீர் இருக்கலாம் என்கிறார்கள், வியாழனின் ஈர்ப்பு பிசைந்து பிசைந்து தரும் சூட்டில்தான் அது உறையாமல் கிடக்கிறதாம். 2024-ல் கிளம்பிய நாசாவின் யூரோப்பா கிளிப்பர் விண்கலம் 2030-ல் போய்ச் சேர்ந்து, உயிர் தங்கத் தோதான இடமா என்று ஆராயும். அப்புறம், நீராவி பீய்ச்சும் சனியின் நிலவு என்செலடஸ் இதில் தெரியாது, அதற்குப் பெரிய கருவி வேண்டும்.