கியர் லிவருக்கு ஒத்துப்போகும் பூட் எது?

நாகர்கோவிலில் இருந்து மார்த்தாண்டத்துக்கு பைக்கில் போகிறவர்களின் இடது காலுக்கு ஓய்வே கிடையாது. சுங்கான்கடை, வில்லுக்குறி, தக்கலை, அழகியமண்டபம் என ஓர் ஊர் முடிவதற்குள் அடுத்தது வந்துவிடும். மூன்றாவது கியர், இரண்டாவது, மறுபடி மூன்றாவது. இந்த ரோட்டில் ஓட்டுகிறவர் பூட் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது விரல் பகுதியின் உயரத்தையும் கணுக்காலின் மடிப்பையும்தான். பாதுகாப்புத் தரம் எழுதிய அட்டையை அப்புறம் பார்க்கலாம்.

பலரும் முதலில் எடுப்பது இரும்பு முனை வைத்த சேஃப்டி ஷூ. விலை குறைவு, எந்த ஊரிலும் கிடைக்கும். அந்த முனை 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும் என்பது அதற்கான தர விதி. ஆனால் அது மேலிருந்து விழும் பாரத்துக்காகச் செய்தது. வண்டியிலிருந்து விழுந்தால் கணுக்காலும் எளிதில் அடிபடும். அங்கே இதில் பெரும்பாலும் தனிக் காப்பு இருக்காது. முனை தடித்திருப்பதால் லிவருக்கு அடியில் நுழையவும் சிரமம். கியர் ஏற்றும் ஒவ்வொரு முறையும் கால் வைக்கும் ஃபுட்பெக்கிலிருந்து பாதத்தைத் தூக்கிப் பின்னால் இழுத்து உள்ளே விட வேண்டியிருக்கும். பைக்குக்கு என்று வாங்குவதானால் நான் இதை வேண்டாம் என்பேன்.

முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரை வரும் டூரிங் பூட் காப்பில் முதலிடம். ஐரோப்பிய தரமான இஎன் 13634 முத்திரை இருந்தால் அதன் கீழே நான்கு இலக்கங்கள் இருக்கும்: உயரம், உராய்வு, வெட்டு, பக்கவாட்டு நசுக்கம் என்ற வரிசையில், ஒன்று அல்லது இரண்டு. இரண்டுதான் மேல். ஐபிஏ என்ற எழுத்து கணுக்கால் காப்பைக் குறிக்கும். ஆனால் புது பூட்டில் கணுக்கால் எளிதில் மடங்காது. மடங்காத காலால் லிவரை அரைகுறையாகத் தூக்கினால் கியர் முழுதாக விழாது. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது நியூட்ரலில் நின்றுவிடும். பழகிவிட்டால் சரியாகும், உண்மைதான். தொலைதூரம் போகிறவருக்கு இதுவே சரி. தினமும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வேலைக்குப் போகிறவருக்கு மே மாத வெயிலில் இது தண்டனை.

என் ஓட்டு கணுக்காலை மூடும் ரைடிங் ஷூவுக்கு. விரல் பகுதி தாழ்ந்திருக்கும், இடது பாதத்தின் மேல் லிவர் உரசும் இடத்தில் ஒரு ரப்பர் பட்டை இருக்கும், நடக்கவும் முடியும். இதிலும் மோசமானவை உண்டு. அடிப்பகுதியைக் கையால் முறுக்கும்போது துணிபோல் முறுகினால் விட்டுவிடுங்கள். லேஸ் இருந்தால் அதை மூடும் மடலும் இருக்க வேண்டும். தொங்கும் முடிச்சு லிவரில் மாட்டினால் சிக்னலில் கால் ஊன்ற முடியாது.

மழை இங்கே ஆண்டுக்கு இரண்டு முறை, தென்மேற்கும் வடகிழக்கும். குட்டை ஷூ என்றால் நீர்புகாத உள்ளுறையோடு வாங்குங்கள், மழை பேண்ட்டை அதன் வாய்க்கு வெளியே விடுங்கள். இல்லாவிட்டால் மேலே நுழைந்த தண்ணீர் உள்ளேயே தங்கிவிடும். குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் போடும் கம்பூட்டில் தண்ணீர் வராதுதான், ஆனால் தளர்ந்த முனையில் லிவர் எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

லிவரின் வகையும் இந்தக் கணக்கை மாற்றும். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 போல முன்னும் பின்னும் மிதிக்கும் லிவர் உள்ள வண்டியில் குதிகாலால் மிதித்தே கியர் ஏற்றலாம். தடித்த முனை அங்கே பெரிய தொந்தரவில்லை, குதிகால் அகலமாக இருந்தால் நல்லது. முன்பக்கம் மட்டும் லிவர் உள்ள வண்டியில்தான் முனையின் உயரம் முக்கியம்.

பூட்டைப் போட்டுக்கொண்டு உங்கள் வண்டியிலேயே உட்கார்ந்து பாருங்கள். ஃபுட்பெக்கில் பாதம் இருந்தபடியே முனை லிவருக்கு அடியில் நுழைய வேண்டும். கொஞ்சம் இடித்தால் லிவரை உயர்த்தலாம்: கம்பி இணைப்பு உள்ள வண்டியில் இருபக்க நட்டையும் தளர்த்திக் கம்பியைத் திருப்ப வேண்டும், நேரடி லிவரில் போல்ட்டைக் கழற்றி, லிவர் மாட்டும் பல் வெட்டிய தண்டில் ஒரு பல் தள்ளிப் பொருத்த வேண்டும். ஆனால் அதே வண்டியைக் காலையில் அப்பா செருப்போடு சந்தைக்கு எடுத்துப் போவதாக இருந்தால் அதிகம் உயர்த்தாதீர்கள். மிதித்துக் கியர் இறக்கும்போது அவருக்குக் கால் எட்டாது. அப்படிப்பட்ட வீட்டில் லிவரைத் தொடாமல் மெல்லிய முனை உள்ள ஷூவையே தேடுங்கள்.